கேத்தியில் கல்மழைத் தடுப்பு: கம்பெனிக்காரர் காட்டிய கம்ப்யூட்டர் மேகத்தை நம்பிப் பணம் கட்டலாமா?

கேத்திக்காரன் | ஏப்ரல் 9, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். நான் நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம். ஒன்றரை ஏக்கர் கேரட், கொஞ்சம் பீட்ரூட், ஓரமாக லெட்யூஸ். போன வாரம் மதியம் மூன்று மணிக்கு ஆலங்கட்டி பிடித்தது. பன்னிரண்டே நிமிடம்தான். தகரக் கூரையில் யாரோ லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல இருந்தது. நின்றதும் போய்ப் பார்த்தால் லெட்யூஸ் பாத்தி முழுக்கக் கொத்துப் பரோட்டா. கேரட் தழை ஒடிந்து கிடக்கிறது. கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது, தேறிவிடும் என்கிறார் அப்பா.

அதைச் சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் விவசாயிகள் குழுக் கூட்டத்துக்கு ஒரு கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பெயர் வேண்டாம். மேகத்தில் சில்வர் அயோடைடு தூவிக் கல்மழையைத் தடுப்பார்களாம். ஏக்கருக்கு, சீசனுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார்கள். லேப்டாப்பில் ஒரு படம் ஓடியது. இடது பக்கம் தூவாத மேகம், அதன் அடியில் சிவப்புத் திட்டு. வலது பக்கம் தூவிய மேகம், சிவப்பு இருந்த இடத்தில் வெளிர் மஞ்சள். "கம்ப்யூட்டரே நிரூபித்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு முடிவு சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மேகம் நிஜ மேகம் போலத்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூம்பாறைப்பூண்டு | ஏப்ரல் 9, இரவு 9:15

கொடைக்கானல் பக்கமும் இதே கதைதான் நண்பரே. பூண்டுத் தாள் ஒடிந்தால் அதோடு சரி, பல் பருக்காது. கம்பெனி விஷயம் பிறகு இருக்கட்டும். பயிர்க் காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தீர்களா? ஆலங்கட்டி தனி வயல் சேதக் கணக்கில் வரும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேத்திக்காரன் | ஏப்ரல் 9, இரவு 9:22

கேரட்டுக்குக் கொடுத்தாயிற்று அண்ணா. லெட்யூஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

பழைய_பீல்டு_ஆபீசர் | ஏப்ரல் 10, காலை 6:05

குன்னூர் பக்கம் டீ எஸ்டேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன். கல்மழை வருகிற நாளுக்கு ஒரு முகம் உண்டு. காலையில் வானம் கழுவிவிட்டது போல இருக்கும், பதினோரு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஒரு மணிக்கு மேகம் காலிஃப்ளவர் மாதிரி மேலே மேலே பொங்கும். மார்ச் கடைசி முதல் மே வரை இதுதான். ஒரு மட்டத்தில், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவில், கொழுந்து நார் நாராகக் கிழிந்திருக்கும். ரோட்டைத் தாண்டிய அடுத்த மட்டத்தில் ஒரு இலை கூட ஆடியிருக்காது. இப்படிப்பட்ட சமாசாரத்தில் "நாங்கள் தடுத்தோம்" என்று யார் சொன்னாலும் எப்படிச் சரிபார்ப்பது தம்பி? அடிக்காத மட்டத்தை எல்லாம் அவன் கணக்கில் எழுதிக்கொள்வான்.

மேகக்கணக்கு | ஏப்ரல் 10, காலை 10:48

பெரியவர் நெற்றியடியாகச் சொல்லிவிட்டார். நான் கம்ப்யூட்டரில் மேக மாதிரிகளை ஓட்டிப் பிழைக்கிறவன். சொந்த ஊர் கோத்தகிரி, இப்போது வேறு ஊரில் ஆராய்ச்சி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கல் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நம் ஊரில் ஏப்ரல் மாதம் 0 டிகிரி என்பது கடல் மட்டத்திலிருந்து 5 கி.மீ.க்குச் சற்றுக் கீழே இருக்கும். அதற்கு மேலே போன துளி எல்லாம் உடனே உறைந்துவிடாது. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் கிடைக்காவிட்டால் மைனஸ் 10, மைனஸ் 20 டிகிரியில்கூடத் தண்ணீராகவே மிதக்கும். சுமார் மைனஸ் 38-ல்தான் தானாக உறையும். இந்த உறையாத குளிர்நீரின் நடுவே சவ்வரிசி மாதிரி ஒரு பனி உருண்டை மாட்டினால், மோதுகிற துளி எல்லாம் அதன் மேல் ஒட்டி உறைந்து கல் பருக்கும். மேலேறும் காற்று எவ்வளவு வலுவாகத் தாங்கிப் பிடிக்கிறதோ அவ்வளவு பெரிய கல். அடுத்த முறை ஒரு கல்லைப் பாதியாக வெட்டிப் பாருங்கள், வெங்காயம் போல அடுக்கு தெரியும். வெள்ளை அடுக்கு துளி பட்டவுடன் உறைந்தது, காற்றுக் குமிழி உள்ளே சிக்கியிருக்கும். கண்ணாடி அடுக்கு தண்ணீர் வழிந்து மெதுவாக உறைந்தது.

சில்வர் அயோடைடின் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்புக்கு மிக நெருக்கம். 1946-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் வானகட் கண்டுபிடித்தது இது. அதே ஆண்டு வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியைத் தூவிக் காட்டியிருந்தார். மைனஸ் 5 அல்லது 6 டிகிரிக்குக் கீழே போனால் இந்தத் துகள்கள் துளிகளை உறைய வைக்கத் தொடங்கும். ஒரு கிராமிலிருந்து லட்சம் கோடிக்கும் மேல் துகள் கிடைக்கும்.

இதை வைத்துக் கல்மழையை எப்படித் தடுப்பது? பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அண்டா சாம்பார், ஐம்பது இலை. ஒவ்வொருவருக்கும் வயிறு முட்டக் கிடைக்கும். அதே அண்டாவுக்கு ஐந்நூறு இலை போட்டால் ஆளுக்கு ஒரு கரண்டிதான். மேகத்தில் பனி உருண்டை தொடங்குகிற கரு அதிகமானால் குளிர்நீர் பங்கு பிரிந்து எல்லாக் கல்லும் சிறிதாகவே நிற்கும், கீழே வருவதற்குள் கரையும். சோவியத் நாட்டில் பீரங்கிக் குண்டும் ராக்கெட்டும் வைத்து மேகத்துக்குள் மருந்து வெடித்ததன் பின்னால் இந்த எண்ணம்தான் இருந்தது.

ஆனால் சமையல்காரர் பின்வாசல் வழியாக அண்டாவை நிரப்பிக்கொண்டே இருந்தால்? ஐந்நூறு இலையிலும் வயிறு முட்டச் சாப்பாடு. வலுவான இடிமேகம் அப்படிப்பட்ட சமையற்கட்டு. அங்கே இலை பற்றாக்குறையாக இருந்தபோது நாமே போய் இலை போட்டுக் கொடுத்தால் கல்மழை கூடவும் வாய்ப்பு உண்டு. கூடுமா குறையுமா என்பது எந்த மேகம், எந்த இடம், எந்த நிமிடம் என்பதைப் பொறுத்தது.

மாதிரி பற்றி மதியம் எழுதுகிறேன், மீட்டிங் இருக்கிறது.

சும்மா_கேட்கிறேன் | ஏப்ரல் 10, காலை 11:30

அப்போ கல்மழை கூடினால் கம்பெனி பணத்தைத் திருப்பித் தருமா? 😀

கோத்தகிரி_டீச்சர் | ஏப்ரல் 10, மதியம் 12:10

சாம்பார் உதாரணத்தைப் பத்தாம் வகுப்பில் நாளைக்கே பயன்படுத்தப் போகிறேன், நன்றி. பழந்தமிழில் கல்லுக்கு 'ஆலி' என்றே பெயர். 1888 ஏப்ரல் 30-ல் மொராதாபாத்தில் கல்மழைக்கு 246 பேர் பலியானார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மேகக்கணக்கு | ஏப்ரல் 10, மதியம் 3:35

வந்துவிட்டேன். மாதிரி என்பது இதுதான்: ஒரு பெரிய பெட்டியளவு வானத்தை ஆயிரக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டுவோம். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரம், துளி, பனி எவ்வளவு என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை கணக்குப் போட்டு அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவோம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹரால்ட் ஆர்வில் குழு இந்த வேலையில் முன்னோடி. 1977-ல் அவரும் காப்பும் ஒரு கல்மழை மேகம் பிறந்து மடிகிற வரை, பக்கவாட்டில் வெட்டிய இருபரிமாணப் படமாக ஓட்டிக் காட்டினார்கள். 1980-ல் ஷியே, ஃபார்லி, ஆர்வில் மூவரும் அந்த மேகத்துக்குள் சில்வர் அயோடைடையும் ஒரு கணக்காகச் சேர்த்துவிட்டார்கள். அது எங்கே போகிறது, எந்தக் குளிரில் எத்தனை துளியை உறைய வைக்கிறது என்று பார்க்கலாம். இன்றைக்கு டபிள்யூ.ஆர்.எஃப். என்ற இலவச வானிலை மென்பொருளிலேயே இதைச் செய்ய வழி இருக்கிறது.

இந்த மாதிரிகளின் பெரிய பலம் ஒன்று உண்டு. பெரியவர் கேட்ட கேள்விக்கு இயற்கையிடம் பதில் கிடையாது. மருந்து போட்ட மேகம், போடாமலிருந்தால் என்ன செய்திருக்கும்? யாருக்கும் தெரியாது, அந்த மேகம் போய்விட்டது. கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஒரே மேகத்தை இரண்டு முறை வாழ வைக்க முடியும்.

பலவீனமும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளை போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். நூறு மூட்டையை மொத்தமாக எடை போட்டு, 'வழக்கமாக இந்த எடைக்குப் பெரியது இவ்வளவு, நடுத்தரம் இவ்வளவு, பொடி இவ்வளவு' என்று ஒரு விகிதத்தில் எழுதிக்கொள்வது ஒரு முறை. பெரும்பாலான மாதிரிகள் பனிக்கட்டியை அப்படித்தான் கையாளும். இன்னொரு முறை, நிஜமாகவே தரம் பிரித்துக் கூடை கூடையாகப் போடுவது. ஜெரூசலத்தில் ஹீப்ரு பல்கலைக்கழகக் குழுவின் மாதிரியில் 33 கூடை, ஒவ்வொன்றிலும் முந்தைய கூடையைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள துகள். கணக்கு நேரம் விழி பிதுங்கிவிடும். ஆனால் கல்மழையில் சேதம் செய்வது அந்தக் கடைசிக் கூடைகளில் இருக்கும் கொஞ்சம் பெரிய கற்கள்தான். விகிதத்தை ஊகிக்கிற மாதிரியில் அந்த ஊகத்தைக் கொஞ்சம் மாற்றினாலே சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும். மருந்தே தேவையில்லை.

கேத்தித் தம்பி, அந்தப் படம் உங்கள் கையில் இருக்கிறதா?

மலைமாறி | ஏப்ரல் 10, மாலை 5:02

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் தேனிக்காரன், வேலை நிமித்தம் சிம்லா பக்கம் ஆறு வருஷமாக. இங்கே ஆப்பிள் தோட்டங்களில் கல்மழைத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அசிட்டிலின் வாயுவை வெடித்து வானத்தை நோக்கிச் சத்தம் அனுப்பும். சில விநாடிக்கு ஒருமுறை டமார், டமார். முதல் சீசன் தூங்கவே முடியவில்லை. சத்தியம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். திட்டுகிறவர்கள் வலை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள், அதற்கு அரசு மானியமும் உண்டு. உங்கள் கம்பெனி இதையும் விற்கிறதா?

மேகக்கணக்கு | ஏப்ரல் 10, மாலை 5:40

அந்தத் துப்பாக்கி நூறு வருஷத்துக்கு முந்தைய சரக்கு. 1890-களில் ஆஸ்திரியாவில் ஷ்டிகர் என்பவர் தன் திராட்சைத் தோட்டத்துக்காகப் பெரிய புனல் வைத்த பீரங்கி செய்து கிளப்பிவிட்டார், ஐரோப்பா முழுக்கப் பரவியது. அரசாங்கங்கள் சோதித்துப் பார்த்தன, பலனில்லை என்று தெரிந்ததும் அடங்கியது. உலக வானிலை அமைப்பும் இதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று எழுதிவிட்டது. இடி இடிக்கிற மேகத்துக்குள் நாம் வெளியிலிருந்து சத்தம் போட்டு என்ன ஆகப் போகிறது?

கேத்திக்காரன் | ஏப்ரல் 10, இரவு 9:50

துப்பாக்கி இல்லை, மருந்து மட்டும்தானாம். படம் வாட்ஸ்அப்பில் வந்தது. குழுவில் பகிரக் கூடாது என்று சொல்லியிருப்பதால் எழுத்தில் சொல்கிறேன். ஒரு சதுரமான வெற்று இடம், நடுவில் ஒரு மேகம் எழும்புகிறது. முக்கால் மணி நேரம் போனதும் மேகம் இரண்டாகப் பிளந்து ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் நகர்கிறது. மலையே இல்லை. அளவுகோலில் 0 முதல் 80 கி.மீ. என்று இருக்கிறது. தேதி எதுவும் இல்லை.

மேகக்கணக்கு | ஏப்ரல் 10, இரவு 10:31

இரண்டாகப் பிளந்ததா! படத்தைப் பார்க்காமல் அடித்துச் சொல்லக் கூடாதுதான், ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் எனக்குப் பழைய நண்பனைப் பார்த்தது போல இருக்கிறது. டபிள்யூ.ஆர்.எஃப். மென்பொருளை இறக்கினால் கூடவே சில பயிற்சிக் கணக்குகள் வரும். அதில் ஒன்று சுழல் இடிமேகம். தட்டையான தரை, 2 கி.மீ. கட்டம், நடுவில் மூன்று டிகிரி சூடான ஒரு காற்றுக் குமிழி. வெப்பமும் ஈரமும் வைஸ்மன், க்ளெம்ப் என்ற இருவர் 1982-ல் எழுதிய மாதிரி வானம். ஓட்டினால் மேகம் எழும்பி இரண்டாகப் பிளக்கும். மாணவனாக முதல் வாரத்தில் எல்லோரும் ஓட்டிப் பார்ப்பது அதுதான். அமெரிக்கச் சமவெளியின் வசந்தகால வானம் அது. தொட்டபெட்டாவும் கிடையாது, குந்தாவும் கிடையாது.

கம்பெனி ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக் கணக்கில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது தப்பில்லை. அதைக் கேத்திப் பள்ளத்தாக்கில் விற்பதுதான் இடிக்கிறது.

சும்மா_கேட்கிறேன் | ஏப்ரல் 11, காலை 8:12

எல்லாம் சரி சார், ஒரே போடாகத் தள்ளிவிடாதீர்கள். மேக விதைப்பு வேலை செய்கிறது என்று அமெரிக்காவில் ரேடாரிலேயே பார்த்திருக்கிறார்களே? 2017-ல் ஐடஹோ மாநிலத்தில். விமானம் வளைந்து வளைந்து போன அதே கோட்டில் பனி விழுந்தது ரேடாரில் தெரிந்ததாம். நம் தமிழ்நாடு அரசும் 1983-லும், 84 முதல் 87 வரையும், பிறகு 93–94-லும் வறட்சிக்காக மேக விதைப்பு செய்திருக்கிறதே.

மேகக்கணக்கு | ஏப்ரல் 11, காலை 9:45

நல்ல கேள்வி. ஐடஹோவில் பார்த்தது உண்மை, ஜனவரி 2017. அது குளிர்காலத்தில் மலை மேல் போர்வை மாதிரி படுத்திருக்கும் அமைதியான மேகம். வேறு பனியே இல்லாத இடத்தில் கோடு போட்டது போல் தெரிந்தது. அங்கே கேட்ட கேள்வி 'பனி கூடுமா?' என்பது. நமக்கு 'கல் சிறுக்குமா?' என்பது கேள்வி, அதுவும் கொதிக்கிற மேகத்தில். வறட்சிக்குச் செய்ததும் மழையைக் கூட்டத்தான். மகாராஷ்டிரத்தில் பாராமதியிலும் பின்னர் சோலாப்பூரிலும் புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் செய்த சோதனைகளும் மழைக்குத்தான்.

கல்மழைக்கென்றே, சீட்டுப் போட்டுச் சில நாள் தூவி, சில நாள் தூவாமல் விட்டுச் செய்த பெரிய சோதனைகள் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் 1972 முதல் 74 வரை தூவினார்கள். ஐந்து வருஷத் திட்டம், மூன்றாவது வருஷத்தோடு தூவலை நிறுத்திவிட்டார்கள், வேறுபாடு தெரியவில்லை. ஸ்விட்சர்லாந்தில் 1977 முதல் 81 வரை சோவியத் ராக்கெட்டையே வாங்கி அதே முறையில் சோதித்தார்கள். தூவிய நாளும் தூவாத நாளும் கணக்கில் ஒன்று போலத்தான் வந்தன. இருந்தும் கனடாவின் ஆல்பர்ட்டாவில் காப்பீட்டுக் கம்பெனிகள் 1996 முதல் தங்கள் சொந்தப் பணத்தில் விமானம் பறக்க விடுகின்றன, செர்பியாவில் ராக்கெட் விடுகிறார்கள், பிரான்சின் தென்மேற்கில் தரையிலிருந்தே அடுப்பு போல எரித்துப் புகை அனுப்புகிறார்கள். ஆக, செத்துப்போன யோசனையும் இல்லை, நிரூபணமான மருந்தும் இல்லை.

பழைய_பீல்டு_ஆபீசர் | ஏப்ரல் 11, காலை 10:20

விமானம் என்றதும் ஞாபகம் வருகிறது. மதியம் இரண்டு மணிக்குக் குன்னூர்ப் பள்ளத்தாக்கு மேகத்துக்கு அடியில் விமானம் ஓட்டுகிறவன் யார்? மேகத்தின் அடிவயிறு சில நாள் லேம்ப்ஸ் ராக்கில் உரசிக்கொண்டு நிற்கும்.

மேகக்கணக்கு | ஏப்ரல் 11, காலை 10:41

ஐயா, அதையேதான் நானும் யோசித்தேன். சமவெளியில் மேகத்தின் அடியில் காற்று மேலேறும் இடத்தில் பறந்து புகையை விடுவார்கள், காற்றே மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இங்கே அந்த இடத்தில் மலை நிற்கிறது. மேலே பறந்து போட வேண்டுமென்றால் ஆறேழு கி.மீ. உயரம். எந்த வழியில் போடுவோம் என்று சொன்னார்களா?

கேத்திக்காரன் | ஏப்ரல் 11, மதியம் 1:15

"டெக்னாலஜி ரகசியம்" என்றார்கள்.

கோத்தகிரி_டீச்சர் | ஏப்ரல் 11, மாலை 6:30

எனக்கு ஒரு சந்தேகம். கல் சிறுத்தால் கரைந்துவிடும் என்கிறீர்கள். ஊட்டியே 2,240 மீட்டரில் இருக்கிறது. 0 டிகிரி 4,800 மீட்டர் என்று வைத்தால் கரைவதற்கு இரண்டரை கி.மீ.தான் கிடைக்கிறது. கோயம்புத்தூருக்கு 4,400 மீட்டர் கிடைக்கும். அதனால்தான் அங்கே மழையாக விழுவது இங்கே கல்லாக விழுகிறதா?

மேகக்கணக்கு | ஏப்ரல் 11, இரவு 8:05

டீச்சர், முழு மதிப்பெண். ஒரு செ.மீ. கல் விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்தில் விழும். ஊட்டிக்கு மூன்று நிமிடம், கோவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல். அதோடு கடைசி இரண்டு நிமிடமும் கோவையின் சூடான காற்றுக்குள். நன்றாகக் கரைவதே அங்கேதான். தட்டையான கடல்மட்டத் தரையில் ஓட்டிய படத்தில் கல் அந்தச் சூட்டுக்குள்ளும் விழுந்து கரைந்துகொண்டிருக்கிறது. நம் தரை அதை நடுவழியிலேயே பிடித்துவிடும். மஞ்சளாகக் காட்டிய இடம் இங்கே எந்த நிறத்தில் வந்திருக்கும் என்பதை மலையை வைத்து ஓட்டினால்தான் சொல்ல முடியும். ஒன்று மட்டும், கொலராடோச் சமவெளியே 1,500 மீட்டர் உயரம். அதனால் உயரத்தைச் சொல்லி வெளிநாட்டுச் சோதனைகளை எல்லாம் நமக்குப் பொருந்தாது என்று தள்ளவும் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், இது பேனாவும் தாளும் போதும். கல்லின் விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்கு, மோதும் ஆற்றல் பதினாறு மடங்கு. ஆக ஒரு இரண்டு செ.மீ. கல்லை எட்டு ஒரு செ.மீ. கல்லாக உடைத்தால் மொத்த அடி பாதியாகக் குறையும். ஆனால் அடி விழும் இடம் எட்டாகும். ஆப்பிளுக்கும் கார் கண்ணாடிக்கும் அது லாபம். லெட்யூஸுக்கும் டீக் கொழுந்துக்கும்?

பழைய_பீல்டு_ஆபீசர் | ஏப்ரல் 11, இரவு 8:40

கொழுந்துக்கு எட்டு ஓட்டைதான். பட்டாணி அளவுக் கல் அரை மணி நேரம் அடித்தால் எலுமிச்சை அளவு நாலு கல் விழுந்ததை விட மோசம்.

பூம்பாறைப்பூண்டு | ஏப்ரல் 12, காலை 7:20

மருந்து தூவினால் அடுத்த ஊருக்கு மழை குறையும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. சில்வர் விஷமா என்றும் கேட்கிறார்கள்.

மேகக்கணக்கு | ஏப்ரல் 12, காலை 9:02

விஷம் பற்றிய பயம் பெரிதாக வேண்டாம், தண்ணீரில் கரையாத பொருள், போடுவதும் சொற்பம். மழையைத் திருடுவது நீண்ட பஞ்சாயத்து, தனி இழை போடுங்கள்.

நேற்று இரவு நானே அந்தப் பயிற்சிக் கணக்கை வீட்டு லேப்டாப்பில் ஓட்டினேன். மருந்து எதுவும் போடவில்லை. குமிழியின் சூட்டை மட்டும் கால் டிகிரி மாற்றி நான்கு முறை. நான்கு முறையும் கல் விழுந்த திட்டு வேறு வேறு அளவு, ஒன்றில் கிட்டத்தட்ட மஞ்சள்தான். அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு ஜோடிப் படத்தை யாரும் நம்புவதில்லை. பல முறை ஓட்டிக் கூட்டமாகப் பார்க்க வேண்டும். அல்லது கிரபோவ்ஸ்கி என்ற மேக ஆய்வாளர் சொன்ன 'பின்சீட்டு' முறை உண்டு. ஒரே காற்றோட்டத்தில் இரண்டு மேகக் கணக்கு. வண்டியை ஓட்டுவது ஒன்று, இன்னொன்று பின்சீட்டில் உட்கார்ந்து கூடவே வருவது. அப்போது காற்று மாறியதால் வந்த வித்தியாசம் நீங்கி, மருந்தால் வந்தது மட்டும் தனியாகத் தெரியும்.

கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: எந்த நாளின் வானம், தரையில் நீலகிரி இருக்கிறதா, எத்தனை முறை ஓட்டினீர்கள், அதில் எத்தனை முறை கல் கூடியது? கடைசிக் கேள்விக்கு முகத்தைப் பாருங்கள். நேர்மையாக ஓட்டியிருந்தால் சில முறையாவது கூடியிருக்கும்.

சும்மா_கேட்கிறேன் | ஏப்ரல் 12, காலை 9:30

நீங்களே நம் மலையை வைத்து ஓட்டிக் கொடுத்துவிடலாமே சார்?

மேகக்கணக்கு | ஏப்ரல் 12, காலை 11:15

ஓட்டலாம். கட்டத்தைப் பக்கவாட்டில் பாதியாக்கினால் கணக்கு எட்டு மடங்காகும், 2 கி.மீ.யிலிருந்து 250 மீட்டருக்கு இறங்க மூன்று முறை பாதியாக்க வேண்டும். 512 மடங்கு. அதற்கும் எங்காவது கம்ப்யூட்டர் பிடித்துவிடலாம். சரியா தப்பா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது? அங்கேதான் நான் நிற்கிறேன். கொச்சி ரேடார் நமக்குச் சுமார் 170 கி.மீ. தள்ளி. அவ்வளவு தூரம் வருவதற்குள் அதன் கதிர் மூன்று கி.மீ. பருமனாகிவிடும், ஒரு கேத்தியை அது தனியாகப் பார்க்காது. வேடிக்கை என்னவென்றால் ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் மியூவான் என்ற நுண்துகள்களை எண்ணியே 2014 டிசம்பர் 1-ல் மேலே போன ஒரு இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று அளந்து 2019-ல் வெளியிட்டார்கள். மேகத்தில் மின்சாரம் பிரிவதும் அந்தச் சவ்வரிசி உருண்டையும் பனிப்படிகமும் உரசுவதால்தான். மேகத்தின் வோல்ட் தெரிகிறது, கேத்தியில் விழுந்த கல்லின் அளவு தெரியவில்லை!

அதை அளக்க ரேடார்கூட வேண்டாம். அட்டை போதும். கெட்டியான நுரைப்பலகை ஒரு சதுர அடி, மேலே சமையலறை அலுமினியத் தாள் சுற்றி, மாடியில் ஆணியடித்து வைத்தால் கல் விழுந்த இடம் குழியாகும். பிரான்சில் இப்படித்தான் ஊர் ஊராக வைத்திருக்கிறார்கள்.

கேத்திக்காரன் | ஏப்ரல் 12, மாலை 4:48

வீட்டில் டி.வி. வந்த தெர்மாகோல் இருக்கிறது, போதுமா?

மேகக்கணக்கு | ஏப்ரல் 12, மாலை 5:05

தெர்மாகோல் உதிரும். மாடியில் சூடு இறங்காமல் இருக்கப் போடுவார்களே, நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பலகை, அந்த ஷீட் வாங்குங்கள். அளவு பார்க்க பேரிங் குண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செ.மீ. இரும்புக் குண்டை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் ஒரு செ.மீ. கல் அடித்த குழி கிடைக்கும். இரண்டு செ.மீ. குண்டுக்கு இரண்டு மீட்டர். இரும்பு கனம், அதனால் குறைந்த உயரம் போதும்.

கேத்திக்காரன் | ஏப்ரல் 13, இரவு 9:10

கூட்டம் முடிந்தது. நான்கு கேள்வியையும் கேட்டேன். முதல் இரண்டுக்கு "ஆபீஸில் கேட்டுச் சொல்கிறோம்". மூன்றாவதுக்கு "ஒரு முறை ஓட்டினால் போதாதா?" என்று திருப்பிக் கேட்டார். நான்காவதைக் கேட்கும்போது அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தார். முடிவைத் தள்ளிப்போட்டுவிட்டோம். இரண்டு பேர் என் மேல் கோபமாக இருக்கிறார்கள். வந்த நல்லதைக் கெடுத்துவிட்டேனாம். அவர்களுக்குப் போன வாரம் நிறைய அடிபட்டிருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

பெயிண்ட் கடையில் அந்த ஷீட் கிடைத்தது. ஆறு துண்டு வெட்டி ஆறு வீட்டு மாடியில் வைத்திருக்கிறோம். பேரிங் குண்டுக்கு மெக்கானிக் அண்ணன் காசு வாங்கவில்லை.

கோத்தகிரி_டீச்சர் | ஏப்ரல் 13, இரவு 9:34

பள்ளி மாடியில் இரண்டு வைக்கிறேன். குழி எண்ணும் வேலை பிள்ளைகளுக்கு.

பழைய_பீல்டு_ஆபீசர் | ஏப்ரல் 14, காலை 6:10

வருஷப் பிறப்பு வாழ்த்துகள். எனக்கும் ஒன்று அனுப்பு தம்பி. கல் அடிக்காத நாளையும் நோட்டில் எழுதச் சொல். நாங்கள் மழைமானியில் பூஜ்யம் என்று எழுதாமல் விட்டால் துரை திட்டுவார்.

கேத்திக்காரன் | ஏப்ரல் 21, மாலை 6:25

முதல் அறுவடை. இன்று 2:50-க்கு ஆறு நிமிடம். எங்கள் அட்டையில் 41 குழி. ஒரு செ.மீ. குண்டுக் குழியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அதை விடச் சிறிது, மூன்று மட்டும் பெரிது. கீழ்வீட்டு அட்டையில் 9. அது இருநூறு மீட்டர் தூரம்கூட இல்லை. பெரியவர் சொன்ன ரோட்டைத் தாண்டிய மட்டம் இதுதான் போல. நான்காவது வீட்டில்தான் பிரச்சினை. தாள் ஒரு மூலையில் கிழிந்து உள்ளே நிறையப் பள்ளம். குரங்கு வந்து போயிருக்கிறது. எது கல், எது குரங்கு என்று எப்படிப் பிரிப்பது?

மேகக்கணக்கு | ஏப்ரல் 21, மாலை 6:52

வட்டமாக, ஓரம் வழுவழுப்பாக இருந்தால் கல். நீளமாக இழுபட்டு ஒரு பக்கம் ஆழமாக இருந்தால் குரங்கு. சந்தேகமாக இருந்தால் அந்த அட்டையை ஒதுக்கிவிட்டு, 'குரங்கு' என்றே நோட்டில் எழுதுங்கள். மீதி ஐந்தின் போட்டோவையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து அனுப்புங்கள். இன்று மதிய வானத்தை எடுத்து ராத்திரியே ஓட்ட ஆரம்பிக்கிறேன், இந்த முறை மலையோடு.